கலியாண வீட்டு ஊழியர்

கிறிஸ்து மார்க்கம் துயர முகத்தோரின் மார்க்கம் என்று எண்ணுவாரும் உளர். உபவாசமும் பாவ அறிக்கையும் சிலுவையும் அதன்கண் மிகுதியாய்ப் பேசப்படுதலின், மகிழ்ச்சிக்கு அங்கு இடமில்லை என அவர்கள் கருதுகின்றனர். ஆயினும், யோவான் எழுதின சுவிசேஷத்தை நோக்குவோமாயின், நம் ஆண்டவர் செய்த முதல் அற்புதம் ஒரு கலியாண வீட்டிலேயே நிகழ்ந்ததெனக் காண்போம். கிறிஸ்தவ மகிழ்ச்சி இன்னதென்பதையும், புதிதாய் மணந்தோர்க்கு நாம் செய்யவேண்டிய கடன் யாதென்பதையும் அவ்வீட்டினின்றே கற்றுக்கொள்ளலாம்.

கானா என்பது கலிலேயா நாட்டிலிருந்த ஓர் ஊர். இஸ்ரவேலருக்குள் கலியாண விருந்து 7 நாள் நடப்பதுமுண்டு. சிம்சோனின் விருந்து அத்தகையதென நியாயாதிபதிகளின் புத்தகத்தால் அறிகிறோம். கானாவூரின் விருந்திலே திராட்சரசம் குறைவுபட்டது. அக்குறை பந்தியில் வெளிப்பட்டிருக்குமாயின், மணமக்கள் நெடுங்காலம் ஊராரின் ஏளனத்தைச் சுமக்க நேர்ந்திருக்கும். இயேசுவின் தாயார் அதனை அறிந்தார். குறை தீர்க்க வல்லவரிடத்தில் அதனைச் சொன்னார். பின்பு, அவர் சொற்படி செய்யுமாறு வேலைக்காரருக்குக் கூறினார். வீட்டாரைக் குறைகூறி அவர் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை.

அங்கே 6 கற்சாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் அக்கால அளவையில் இரண்டு அல்லது மூன்று குடம் கொள்ளும். அவ்வளவை ஒன்று ஏறக்குறைய 39 லிட்டராதலின், ஆறு சாடிகளும் நிறைய 470 முதல் 700 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். குழாயில்லாத அக்காலத்தில் அது எளிய வேலையன்று. வேலைக்காரரோ அவற்றை வாய்மட்டும் நிரப்பினார்கள். ரசம் எங்கிருந்து வந்ததென்று பந்திவிசாரிப்புக்காரன் அறியான். தண்ணீர் மொண்டவர்கள் மாத்திரம் அறிந்தார்கள். அவன் மணவாளனை அழைத்துப் புகழ்ந்தான். புகழ் மணவாளனுக்கு, உழைப்பு ஊழியருக்கு. அவ்வூழியரின் பெயரும் எழுதப்படவில்லை. மணமக்களின் மகிழ்ச்சி பிறருடைய தோள்களினால் சுமக்கப்பட்டது என்பதே நாம் இங்குக் காணும் உண்மை.

இவ்வுண்மை மோசேயின் நியாயப்பிரமாணத்திலும் உண்டு. புதிதாய்ப் பெண் கொண்டவன் யுத்தத்திற்குப் போகலாகாது. வேறு யாதொரு கடமையும் அவன்மேல் சுமத்தப்படலாகாது. அவன் ஒரு வருஷம் வீட்டிலிருந்து தன் மனைவியை மகிழ்விக்கவேண்டும் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஒருவன் வீட்டில் தங்குவானாயின், அவன் ஏந்தவேண்டிய ஈட்டியை மற்றொருவன் ஏந்தவேண்டும் அன்றோ? ஆகவே, ஒரு புதுக் குடும்பத்தின் முதல் ஆண்டை ஊர் முழுவதும் சேர்ந்து தாங்கியது எனலாம்.

நம் சபைகளின் வழக்கம் எத்தன்மையது? ஆலயத்தில் மூன்று முறை ஓலை வாசிக்கிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர். விருந்துண்டு, ஆசி கூறி, வீடு திரும்புகிறோம். பந்தல் பிரித்த பின்னரோ அவர்களை விசாரிப்பார் அரியர். ஊர் மெச்ச நடத்திய விருந்தின் கடன் மணமக்களின் முதல் மாதச் சம்பளத்திலேயே கைவைக்கிறது. உத்தியோகத்தின் பொருட்டு அறிமுகமில்லாத நகரில் குடியேறும் இளம் பெண் பேச்சுத் துணையின்றி வாடுகிறாள். சிறு பிணக்கும், ஆற்றுவாரின்மையால் பெரும் பகையாகிறது. அவ்வேளையில் சபையார் ஊழியராகாமல் பந்திவிசாரிப்புக்காரராய் நின்று, ருசி பார்த்துக் குறை கூறுவாராயின், அது எத்துணைக் கொடுமை!

இங்கு ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதிகளை நினைத்தல் தகும். கிலவுதியு இராயன் யூதரை ரோமாபுரியினின்று அகற்றியபோது வீடிழந்த இவர்கள், கூடாரம் பண்ணும் தொழிலால் பிழைத்தனர். எபேசுவில் அப்பொல்லோ என்பவரின் போதனையில் குறைவு கண்டபோது, ஜெபஆலயத்தில் அவரை மறுத்துப் பேசாமல், தங்களிடத்தில் அழைத்துக்கொண்டு விளக்கினார்கள். புதுத் தம்பதிகளுக்குப் புத்தி கூறுவோர் கைக்கொள்ளவேண்டிய முறை இதுவே. முதலில் கதவு திறக்கப்படட்டும்; பின்பு வாய் திறக்கப்படட்டும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம். மணமக்கள் கடன்படாவண்ணம் விருந்தைச் சுருக்கும்படி, பெரியோர் தாமே முன்வந்து சொல்லலாம். இல்லறத்தில் முதிர்ந்த தம்பதிகள் ஒரு புதுக் குடும்பத்தை ஓராண்டு தம் பொறுப்பாக ஏற்று, மாதம் ஒருமுறையேனும் அவர்களை உணவுக்கு அழைக்கலாம். நம்பிச் சொல்லப்பட்ட குறையை, உதவக்கூடியவர்க்கன்றி ஒருவர்க்கும் உரையாதிருக்கலாம். இவற்றிற்குப் பொருள் மிகுதியாய் வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

பவுல் அப்போஸ்தலர் கட்டுண்டிருந்த நிலையிலேதான் பிலிப்பியரைச் சந்தோஷப்படும்படி எழுதினார். அம்மகிழ்ச்சி குறைவற்ற வீட்டில் மட்டும் தங்குவதன்று. குறைவுள்ள வீட்டிலும் ஆண்டவர் விருந்தினராயிருக்கிறார் என்னும் விசுவாசத்தினின்று பிறப்பது. அதனை ரசமாக்குதல் அவர் செயல். சாடிகளை நிரப்புதல் நம் செயல். மணவாளனும் மணவாட்டியும் நகைத்து மகிழும் ஓசையைத் தூரத்தில் நின்று கேட்டு, தண்ணீர் சுமந்த கையைத் துடைத்துக்கொள்ளும் ஊழியனின் மகிழ்ச்சி யாது என்பதை, நாமும் ஒருமுறையேனும் அறிவோமாக.