ஜீப்பை உயர்த்த விரும்புவோர் கவனத்திற்கு

நமது சங்கக் குடும்பங்களிற் பல, பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரை மலையோரமாகப் பரந்து கிடக்கும் சிற்றூர்களில் வாழ்கின்றன என்பதை அன்பர்கள் அறிவர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தாலுகா அப்பக்கம் போக, நெய்யாற்றின்கரைத் தாலுகா இப்பக்கம் நின்றது. எல்லைக் கோடு மாறிற்றே தவிர, ரப்பர்த் தோட்டத்துச் செம்மண் பாதைகள் மாறவில்லை. மழைக்காலத்தில் அப்பாதைகளில் ஏறுவதற்கு ஜீப்பை விட்டால் வேறு வாகனமில்லை. ஆகவே, அந்த ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் பூட்டும் ஆசை நம் இளைஞரிடையே பரவியிருப்பதில் வியப்பில்லை. அவ்வாசையால் விளைந்த ஓர் அனுபவத்தை ஈண்டு எழுதத் துணிகின்றோம். நாம் இருப்புப்பாதை நிலையத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். இயந்திர நூல் கற்றவரல்லர். எனினும், இக்கதையில் நமது கையெழுத்தும் ஒன்று சிக்கிக் கொண்டமையால், கற்க வேண்டியதாயிற்று.

நம் அண்டை வீட்டுத் தம்பி ஒருவர் மகிந்திரா தார் வண்டியொன்றை இரண்டாங் கையாக வாங்கினார். 2013-இல் வெளிவந்தது. மலைச்சரிவில் அவருக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு; அங்கேயே அவருடைய பாட்டியார் வசிக்கின்றார். ரப்பர் ஷீட்டுகளைக் கீழே கொணரவும், பாட்டியாரை மருத்துவரிடம் அழைத்து வரவும் அவ்வண்டியே துணை. ஒருநாள் மாலை வந்து, "அண்ணே, வண்டியை ரெண்டு இஞ்சு தூக்கி, பெரிய டயர் போடப் போறேன். சொசைட்டிக் கடனுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும்" என்றார். சம்பளச் சீட்டு வைத்திருப்பவன் மறுப்பதெப்படி? இட்டோம்.

எல்லையோரத்துப் பட்டறை ஒன்றில் அரை நாளில் வேலை முடிந்தது. வண்டி சிங்கம்போல் நின்றது. நாமும் மெச்சினோம் என்பதை மறைப்பானேன்?

நிற்க. பழைய ஜீப்பின் அமைப்பை நம்மிற் பெரியோர் கண்டிருப்பர். 1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது, முன்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைத்திருந்தது; அதன்மேல் பிளேட் ஸ்பிரிங்கு. அதனை உயர்த்துவது ஒப்பளவில் எளிய காரியம். 2010-இல் வந்த தார் வண்டியின் சி.ஆர்.டி.இ. வகையிலோ முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறியிறங்குகின்றன. இதனையே இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் என்பர். அதில் சுருள் ஸ்பிரிங்கு இல்லை. டோர்ஷன் பார் எனப்படும் நீண்ட எஃகுத் தண்டு உண்டு. அதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடும், மறுமுனை ஒரு போல்ட்டின் வாயிலாகச் சேசிஸோடும் பிணைந்திருக்கும். சக்கரம் மேலெழும்போது தண்டு முறுக்கேறும். முறுக்கு அவிழ்கையில் சக்கரத்தைக் கீழே தள்ளும். துவைத்த வேட்டியைப் பிழிந்து விட்டால் திரும்புவது போலென்று கொள்க. (2020-இல் வந்த புதிய தார் வண்டியில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே உள்ளது.)

பட்டறைக்காரர் செய்ததெல்லாம் அந்தப் போல்ட்டை முறுக்கியதுதான். முறுக்கினால் வண்டி உயரும், ஐயமில்லை. ஆனால் ஸ்பிரிங்கு கடினமாகிவிட்டது, பாரம் மிகுதியாகத் தாங்கும் என்று பலரும் எண்ணுவது தவறு. தண்டு அதே தண்டுதான். மாறியது சக்கரத்தின் இருப்பிடம் மட்டுமே. உதாரணமாக, ஒரு சக்கரத்திற்கு மேலேற நான்கு அங்குலமும் கீழிறங்க மூன்று அங்குலமும் இடமிருப்பதாகக் கொள்வோம். வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால், கீழிறங்க எஞ்சுவது ஓர் அங்குலமே. சிறு பள்ளம் வந்தாலும் சக்கரம் தன் எல்லையை எட்டி 'டங்'கென்று இடிக்கும். பள்ளத்தில் ஊன்ற வேண்டிய சக்கரம் அந்தரத்தில் தொங்கும். மலைப்பாதைக்கென்று செய்த வேலை, மலைப்பாதையிலேயே பிடிப்பைக் குறைத்துவிடும்.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. இவ்வமைப்பில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு பொருந்தியிருக்கும். அங்கிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் குறுந்தண்டுகளின் முனைகளில் மடங்கும் மூட்டுகள் உண்டு. வண்டி உயர்ந்தால் அத்தண்டுகள் செங்குத்தாகச் சாய்கின்றன. மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், மடிப்போடு மடிப்பு உரசிக் கிழியும். கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். நம்மூர்ச் செம்மண் சேறு உள்ளே புகும். பிறகு அம்மூட்டிற்கு ஆயுள் எவ்வளவு என்பது சேற்றைப் பொறுத்தது. பால் ஜாயிண்டுகளும் தம் எல்லையில் நின்று தேயும். ஸ்டியரிங் தண்டுகள் சாய்ந்துவிடுவதால், மேடு பள்ளத்தில் வண்டி தானே இப்படியும் அப்படியும் இழுக்கும். வீல் அலைன்மென்ட் புதிதாகப் பார்க்காவிடில் புது டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தே போகும். வெளிநாடுகளில் இவற்றைத் தவிர்க்க மேற்கையை மாற்றுவர். டிஃபரன்ஷியலையே பிராக்கெட் வைத்துக் கீழிறக்குவர். அது பெருஞ் செலவு. மேலும், கீழிறக்கிய டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் இடையே கூடும் இடைவெளி, டயர் தருவது மட்டுமே.

டயர் தருவதுதான் எவ்வளவு? அவ்வண்டியின் டயர் 235/70 ஆர் 16. அதன் குறுக்களவு சுமார் 735 மில்லி மீட்டர். தம்பி பூட்டியது 245/75 ஆர் 16, சுமார் 774. வித்தியாசம் 39, அதிற் பாதியே ஆக்சிலுக்குக் கிட்டும். இருபது மில்லி மீட்டர்கூட முழுதாக இல்லை! அதற்கு விலையாக, இழுவை நூற்றுக்கு ஐந்து குறைகின்றது. மீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்து மூன்றில் ஓடுகின்றது.

ஐந்தாவது மாதம், திருப்பங்களில் 'டக் டக்' என்றொரு ஒலி கேட்கத் தொடங்கியது. தம்பி அதனைப் பொருட்படுத்தவில்லை. ஐப்பசி மழையில் ஓர் இரவு பாட்டியாருக்குக் கடுங்காய்ச்சல். நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு மேலேறுகையில், பாதி வழியில் முன்பக்கத்து மூட்டு உடைந்தது. வண்டி பின்னோக்கிச் சறுக்கி ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்து நின்றது. அதற்கப்பால் நடந்தே போய், பாட்டியாரை நாற்காலியில் அமர்த்தி நால்வர் சுமந்து இறக்கினோம். நாமும் அந்நால்வரில் ஒருவர். பெரிய பாதைக்கு வர ஒன்றரை மணி நேரம் சென்றது. பாட்டியார் பிழைத்துக் கொண்டார். அவருடைய பேரனின் முகத்தைத்தான் அன்றிரவு பார்க்க முடியவில்லை.

சட்டத்தின் செய்தியும் பின்னரே நமக்குத் தெரிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த அளவுகளிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே, 2019-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், உயர் நீதிமன்றம் வாகன உரிமையாளருக்குச் சாதகமாக வழங்கியிருந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நீக்கி, இதனை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கின்றது. களியக்காவிளையைத் தாண்டி மார்த்தாண்டத்துப் பக்கம் போய்ச் செய்தால் குற்றமில்லை என்று சிலர் கூறுவது வெறும் பேச்சு. கே.எல். 19 ஆயினும் டி.என். 75 ஆயினும் சட்டம் மத்திய அரசின் சட்டம். விபத்து நேர்ந்தால், சொல்லாமற் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் பணத்தை மறுக்கவும் இடமுண்டு.

எம் இருப்புப்பாதையில் பெட்டிகளின் பஃபர் உயரம் 1030 மில்லி மீட்டருக்குக் குறையவும் கூடாது. 1105-க்கு மிகவும் கூடாது. அழகுக்காக ஒரு பெட்டியை எவரேனும் தூக்கி வைத்தால் அடுத்த பெட்டியோடு அது சேருமா என்று, நாற்காலி சுமந்த தோள்வலியோடு எண்ணிக் கொண்டோம்.

வண்டியைப் பின்பு பாறசாலைப் பக்கத்து முதிய மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் ஒரு டேப்பை எடுத்துச் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தார். முறுக்கிய போல்ட்டைத் தளர்த்திப் பழைய மரையில் நிறுத்தி மறுபடியும் அளந்தார். பின்னர்ச் சிரித்தார்.

"மக்களே, இது வாங்கும்போதே தாழ்ந்து போன வண்டி. பத்து வருசம் பாரம் சுமந்த தண்டு, இளகாம இருக்குமா? இடது பக்கம் இன்னும் தாழ்வு. கம்பெனி சொன்ன உயரத்துக்குக் கொண்டு வந்தா போதுமே. நீ தூக்கச் சொன்னதுக்கு முன்னால அளந்து பார்க்கச் சொல்லிருக்கணும்."

கம்பெனி உயரம் வரை மட்டும் திருகினார். மூட்டு, பூட், சஸ்பென்ஷன் கைகளின் புஷ்கள், ஷாக் அப்சார்பர் ஆகியவை புதிதாயின. அலைன்மென்ட் பார்க்கப்பட்டது. டயர் பழைய அளவே. ஆயின் சேற்றிலும் பிடிக்கும் ஆழ்ந்த பட்டன் உள்ளது. சேற்றுப் பாதையில் மட்டும் காற்றைச் சிறிது குறைத்து, தார்ச்சாலை வந்ததும் நிரப்பிக் கொள்ளும்படி சொன்னார். டயரின் அடி சற்று விரிந்து மண்ணைக் கவ்வும் என்பது அதன் காரணம்.

வண்டி இப்போது அதே சரிவில் ஏறுகின்றது. பெரிய டயர்கள் நான்கும் பாதி விலைக்குப் போயின. சொசைட்டிக் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி. இரண்டை நாம் கட்டினோம், தம்பி ஷீட்டு விற்று நமக்குத் தந்து வருகின்றார். பாட்டியார் மட்டும், முன்னைய உயரத்தில் ஏறுவதற்கு முக்காலி வைக்க வேண்டியிருந்ததே, இப்போது அது வேண்டாம் என்கின்றார்.