எஞ்சினைத் தரையில் விட்டுச் செல்லும் ரொக்கெட்

இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதியான இராவணா-1 இன் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான தரிந்து தயாரத்ன, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 2019 ஏப்ரலில் அமெரிக்க ரொக்கெட் அதைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனது. ஜூனில் அங்கிருந்து சுற்றுப்பாதையில் விட்டார்கள்.

ஒரு கிலோவை 400 கிலோமீற்றர் உயரத்தில், செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றவைக்க எவ்வளவு சக்தி வேண்டும்? கணக்கிட்டால் ஏறத்தாழ 9 அலகு மின்சாரம்தான் வருகிறது! சாதாரண வீடொன்றில் சில நாட்களில் செலவாகும் அளவு. பிறகேன் அவ்வளவு பெரிய ரொக்கெட்? எரிபொருளைத் தூக்கவே எரிபொருள் எரிகிறது. புறப்படும் எடையில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எரிபொருளும் அதை எரிக்கும் ஒட்சியேற்றியும்தான்.

சக்தியைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, லேசர் கதிராக மேலே அனுப்பலாம் என்று 1972 இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் கன்ட்ரோவிட்ஸ் எழுதினார். கதிர் பட்டதும் கலத்திலுள்ள சிறிதளவு பொருள் கடுஞ்சூடாகிப் பின்னோக்கிச் சீறும், கலம் முன்னேறும். காற்றுள்ள உயரம்வரை அந்தப் பொருள்கூடத் தேவையில்லை. அமெரிக்கப் பொறியியலாளர் லீக் மைராபோ 2000 ஒக்டோபரில் நியூ மெக்சிகோவில் அதைச் செய்து காட்டினார். சுமார் 50 கிராம் எடையுள்ள கலத்தின் அடியிலிருந்த வளைந்த ஆடி, 10 கிலோவாட் லேசரின் துடிப்புகளைக் குவித்தது. அங்கிருந்த காற்று வெடித்து, கலத்தை 71 மீற்றர் உயரத்துக்குத் தள்ளியது.

சுற்றுப்பாதைக்கு, சுமக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு மெகாவாட் லேசர் வேண்டும் என்பது கன்ட்ரோவிட்ஸின் மதிப்பீடு. கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியப் பக்கம் உள்ள விக்டோரியா நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு 210 மெகாவாட். அதில் மூன்றிலொரு பங்கே ஒளியாக மாறினாலும் 70 கிலோ செய்மதியை ஏற்றலாம். அந்த மின்சாரமும் ஏவுதல் நீடிக்கும் சுமார் பத்து நிமிடங்களுக்கு மட்டுமே தேவை.

மின்சாரம் கிடைத்துவிடும், கடினம் வேறிடத்தில். அவ்வளவு வலுவான லேசர் நிமிடக்கணக்கில் தளராமல் இயங்கவேண்டும். கலங்கும் காற்றைத் தாண்டி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் விரையும் கலத்தைவிட்டு விலகவும் கூடாது. கண்டியின் ஹந்தானை மலையில் மேகம் இறங்கினாலோ லேசர் நின்றுபோகும். லேசருக்குப் பதிலாக நுண்ணலையை அனுப்பினால், அது மேகத்தை எளிதில் கடக்கும். ஆனால் அதன் அலைநீளம் பெரிது, கதிர் விரியும். குவிக்கப் பரந்த அன்ரனாத் தொகுதி தேவை. இருந்தும், ஆண்டில் இரு பருவமழை காணும் இந்த மலைநாட்டுக்கு லேசரைவிட நுண்ணலையே பொருத்தம் என்பேன். இத்துறையில் இறங்க விரும்பும் மாணவர்கள் அன்ரனாவிலிருந்து தொடங்கட்டும்.