உங்களுக்குத் தெரியுமா? மாயன்களின் தீச்சடங்கு

குவாத்தமாலாவில் வாழப்போகும் வெளிநாட்டவர் பலர் முதலில் சேர்வது ஆன்டிகுவாவிலோ கெட்சால்தெனாங்கோவிலோ உள்ள ஸ்பானிஷ் பள்ளியில்தான். உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு மொழி பழகுவது அங்கே வழக்கம். ஆனால் அதித்லான் ஏரிக்கரைச் சந்தையில் அந்த ஸ்பானிஷ் பாதிதான் கைகொடுக்கும். சுதுஹில், கக்சிகேல் என்று மாயன் மொழிகள்தான் காதில் விழும். நாட்டில் இப்படி 22 மாயன் மொழிகள் உண்டு!

பழகிய மாயன் குடும்பம் தங்கள் தீச்சடங்குக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். நடத்துபவர் ‘அஹ்கிஹ்’ எனும் நாள்கணிப்பவர். ஆணாகவும் இருப்பார், பெண்ணாகவும் இருப்பார். தரையில் சர்க்கரையால் வட்டமிட்டு, உள்ளே நாற்றிசைக் கோடு இழுப்பார். அதன்மேல் சாம்பிராணிபோல் மணக்கும் கோபால் பிசின், சாக்லேட், மெழுகுவத்திகள். கிழக்குக்குச் சிவப்பு, மேற்குக்குக் கறுப்பு, வடக்குக்கு வெள்ளை, தெற்குக்கு மஞ்சள். நடுவில் நீலமும் பச்சையும்.

தீ மூண்டதும் மாயன் நாள்காட்டியின் 20 நாள்பெயர்களுக்குரிய காவல் சக்திகளைப் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 13 வரை எண்ணுவார். பெருக்கிப் பாருங்கள்: 260 நாள். இந்தப் புனித நாள்காட்டியின் சுற்று அதுதான். சடங்கு மணிக்கணக்கில் நீளும், கால் கடுக்கும்.

எட்டு என்ற எண்ணும் ‘பாட்ஸ்’ என்ற நாள்பெயரும் சேர்ந்து இச்சுற்றில் ஒருமுறை வரும் ‘எட்டு பாட்ஸ்’ நாளில்தான் மோமோஸ்தெனாங்கோ என்ற ஊரில் புதிய நாள்கணிப்பவர்கள் பொறுப்பேற்கிறார்கள். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கேமராவை எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.