கிரியாட்டினின் நார்மல்னா கிட்னி நார்மலா?

ஓசூர் சிப்காட்ல வேலை பார்க்கிற என் ஃபிரெண்ட், கால்ல ஒரு வெட்டுக்காயத்தோட, தேங்கின மழைத்தண்ணியில ஷிஃப்டுக்கு நடந்து போயிருக்கான். பத்து நாள் கழிச்சு காய்ச்சல். கண்ணு சிவந்திருந்தது, கெண்டைக்கால் தொட்டாலே கத்தினான். டெங்கு நெகட்டிவ். கிரியாட்டினின் 1.1. கிட்னிக்கு ஒண்ணுமில்லன்னு நாங்க நிம்மதியாயிட்டோம். ரெண்டு நாள்ல அது 3.4 ஆயிடுச்சு. எலிக்காய்ச்சல்.

எப்படி இவ்வளவு வேகமா? உண்மையில் வேகமா நடக்கல, நமக்குத்தான் லேட்டா தெரிஞ்சது. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. கிட்னியின் வடிகட்டும் திறன் கிட்டத்தட்ட பாதி போன பிறகுதான் ரத்தத்தில் அதன் அளவு தெளிவாக ஏறும். அது சேரவும் ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்தப்புறம் சர்வர் டவுன்னு தெரிஞ்சுக்கிற மாதிரி.

லெப்டோஸ்பைரா கிருமி முதலில் அடிப்பது வடிகட்டியை அல்ல, அதற்கு அடுத்து வரும் நுண்குழாய்களை. அந்தக் குழாய் செல்கள் அடிபட்டதும் என்ஜிஏஎல், கிம்-1 என்ற புரதங்கள் சிறுநீரில் வரும். 2005இல் லான்செட்டில் வந்த ஆய்வில், இதய ஆபரேஷன் ஆன குழந்தைகளில் கிட்னி அடிபட்டவர்களுக்கு என்ஜிஏஎல் 2 மணி நேரத்திலேயே ஏறியது. கிரியாட்டினின் காட்டிக்கொடுக்க 1 முதல் 3 நாள் ஆனது. 2015இல் தாய்லாந்தில் பல மருத்துவமனைகள் சேர்ந்து எலிக்காய்ச்சல் நோயாளிகளிடமே இதைப் பார்த்தாங்க. கிட்னி பாதித்தவர்களிடம் என்ஜிஏஎல் அதிகம்தான். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. வெள்ளை அணுக்களும் இதைச் சுரக்கும், அதனால வெறும் தொற்றிலேயே கொஞ்சம் ஏறும். நம்ம ஊர் லேப்ல இது சாதாரணமா கிடைக்கவும் கிடைக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதைவிடச் சாதாரணமான ஒரு க்ளூ. கிட்னி கெட்டா பொட்டாசியம் ஏறும்னுதான் படிச்சிருப்போம். எலிக்காய்ச்சலில் ஆரம்பத்தில் பல பேருக்கு இறங்கும், சிறுநீரும் தாராளமா போகும். அடிபட்ட குழாய் சோடியத்தை உறிஞ்சாமல் விட்டுடுது. அது கீழே போற வழியில் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளிடுது. பிறகு பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் நாளே பொட்டாசியம் 2.9. நாங்க கிரியாட்டினின் வரியை மட்டும் பார்த்துட்டு மடிச்சு வச்சிருந்தோம்.

மூணு டயாலிசிஸ் ஆச்சு. இப்போ பையன் திரும்ப ஷிஃப்டுக்குப் போறான். பிழைச்சு வர்ற பெரும்பாலானோருக்கு கிட்னி மீண்டுடும்.

டாக்டர்கிட்ட நான் கேட்டது: என்ன பண்ணியிருக்கணும்? மழைத்தண்ணியில நடந்ததை முதல் நாளே சொல்லியிருக்கணும்னார். ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் ஆக ஒரு வாரம்கூட ஆகலாம். அதுக்குக் காத்திருக்காம, சந்தேகம் வந்தவுடனே டாக்ஸிசைக்ளினோ பென்சிலினோ ஆரம்பிப்பாங்களாம். அப்புறம், கால் வலிக்குதேன்னு மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டானே, அதைப் போட்டிருக்கவே கூடாதாம்.