பெட்டி கொள்ளுமா ஒரு கோடி?

பணத்துக்கு மதிப்பு உண்டு, வேகம் உண்டு என்பார்கள் பொருளாதார நிபுணர்கள். அதற்கு எடையும் உண்டு என்று இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பங்குத் தரகர்.

1993 ஜூன் 16. பம்பாயில் நிருபர்களைக் கூட்டிய ஹர்ஷத் மேத்தா, வக்கீல் ராம் ஜேட்மலானி பக்கத்தில் இருக்க, பிரதமர் நரசிம்ம ராவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்ததாக அறிவித்தார். 1991 நவம்பரில், பெட்டியில் வைத்து. முதலில் 67 லட்சம், மிச்சம் மறுநாள். ராவ் அடியோடு மறுத்தார். குற்றச்சாட்டு கடைசிவரை நிரூபணமாகவும் இல்லை. ஆனால் பிரதமர் வாங்கினாரா என்பதைவிட, பெட்டிக்குள் அவ்வளவு பணம் கொள்ளுமா என்பதுதான் பலருக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

கணக்கு சுலபம். நூறு ரூபாய் நோட்டு என்றால் ஒரு லட்சம் நோட்டுகள், ஆயிரம் கட்டுகள். நோட்டுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலும் 100 கிலோ. தூக்க இரண்டு போர்ட்டர்களாவது வேண்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டு என்றால் வெறும் 200 கட்டு, இருபது கிலோ சொச்சம்; ஓர் ஆள் மூச்சு வாங்காமல் கொண்டுபோகலாம். 1987ல் அந்த நோட்டை வெளியிட்டபோது ரிசர்வ் வங்கி இந்த வசதியை நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை.

இந்த அமளியில் இன்னொரு கணக்கு பின்னுக்குப் போயிற்று. வங்கிகளிடமிருந்து வெளியேறிய பணத்தை ஜானகிராமன் கமிட்டி 4,000 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தது. அதற்குப் பெட்டியே தேவைப்படவில்லை. அரசுப் பத்திரங்களை விற்கும் வங்கி, பத்திரத்துக்குப் பதில் ஒரு ரசீது கொடுத்தால் போதும் என்பது அந்நாளைய வழக்கம். பாங்க் ஆஃப் கராடும் மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கியும் பின்னால் பத்திரம் எதுவும் இல்லாமலே ரசீது எழுதிக் கொடுத்தன. அதை நம்பிப் பெரிய வங்கிகள் நீட்டிய பணம் தரகர் வழியாகப் பங்குச் சந்தைக்குப் போனது. 1991 தொடக்கத்தில் ஆயிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த சென்செக்ஸ் 1992 ஏப்ரலில் 4,467ஐத் தொட்டது. பிறகு குட்டு உடைந்தது. உச்சத்தில் வாங்கிய குமாஸ்தாக்களுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் கையில் மிஞ்சியதும் காகிதம்தான்.

இதற்குச் சற்று முன்பு அரசே அடகுக் கடை வாசலில் நின்றிருந்தது. 1991 ஜூனில் கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கே போதும். ஏற்கெனவே 20 டன் தங்கம் ஸ்விஸ் வங்கிக்குப் போயிருந்தது. ஜூலையில் மேலும் 47 டன், சுமார் 40 கோடி டாலர் கடனுக்காக லண்டனுக்குக் கிளம்பியது. விமான நிலையம் போகும் வழியில் தங்க வண்டியின் டயர் வெடித்ததாகவும், காவலுக்கு வந்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டியதாகவும் சொல்வார்கள். மகள் கல்யாணத்துக்கு நகையை அடகு வைக்கப் போகிறவரின் சைக்கிள் பஞ்சரானால் என்ன பாடோ, அதே பாடுதான்.

அதே வாரத்தில் ரூபாயின் மதிப்பும் இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 1ல் முதல் தவணை. அதற்குள் ராவுக்குத் தயக்கம் வந்துவிட, இரண்டாவதை நிறுத்தும்படி நிதியமைச்சர் மன்மோகன் சிங்கிடம் சொன்னார். ஜூலை 3 காலை சிங் ரிசர்வ் வங்கியின் துணை கவர்னர் சி. ரங்கராஜனுக்குப் போன் போட்டார். குதித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. திட்டத்துக்கு வைத்திருந்த ரகசியப் பெயரே ‘ஹாப், ஸ்கிப், ஜம்ப்’தான்.

தங்கத்தைக் கடனடைத்து மீட்டார்கள். நாடாளுமன்றப் பெரும்பான்மையை மீட்பதுதான் கஷ்டமாக இருந்தது. 1993 ஜூலை 28 நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ராவ் அரசு 265க்கு 251 என்று பிழைத்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் நான்கு எம்.பி.க்கள் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டதாக வழக்கு. லஞ்சமாக வந்தது என்று சொல்லப்பட்ட பணம் டெல்லியில் ஒரு வங்கிக் கிளையில் கணக்குத் திறந்து போடப்பட்டிருந்தது என்றது சிபிஐ. மெத்தைக்கடியில் ஒளிக்காமல் வட்டி வரும் இடத்தில் போட்டவர்களை நிதித்துறை பாராட்டியிருக்க வேண்டும்.

1998ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பணம் வாங்கிக்கொண்டு அவையில் ஓட்டுப் போட்டவர்களுக்கு அரசியல் சட்டத்தின் 105வது பிரிவு பாதுகாப்பு உண்டு. வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஓட்டுப் போடாதவருக்குக் கிடையாது. அதாவது நாணயமாக நடந்துகொண்டால் தப்பிக்கலாம். கொடுத்ததாக வழக்கில் சிக்கிய ராவ் 2000ல் தண்டிக்கப்பட்டு 2002ல் விடுதலையானார். 1998 தீர்ப்போ மாறுவதற்கு 2024 மார்ச் 4 வரை ஆயிற்று.

இதற்கிடையில் பெட்டிக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. 2008 ஜூலை 22ல் பாரதிய ஜனதா எம்.பி.க்கள் மூவர் ஒரு கோடி ரூபாயைப் பையிலிருந்து எடுத்து மக்களவையிலேயே கொட்டிக் காட்டினார்கள். 2018ல் வந்த தேர்தல் பத்திரத்தில் அந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு கோடிக்கு ஒரே தாள், கொடுத்தவர் பெயரும் அதில் இருக்காது. 2024 பிப்ரவரி 15ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து விவரம் கேட்டது. கணினிமயமான ஸ்டேட் வங்கி, ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது. அதற்குள் பொதுத்தேர்தல் முடிந்துவிடும். நீதிமன்றம் மார்ச் 11ல் மறுத்தது. மறுநாளே விவரம் வந்து சேர்ந்தது.