செல்லின் செவிகள்

நுழையும்முன்

இருளில் திடீரென நாய் குரைத்தால் நெஞ்சு படபடக்கிறது. அப்போது குருதியில் கலக்கும் அட்ரினலின் என்னும் இயக்குநீர், இதயத் தசையை விரைந்து சுருங்கச் செய்கிறது. மூச்சுக்குழல் தசையையோ தளரச் செய்கிறது. ஒரே செய்தியை வெவ்வேறு செல்கள் வெவ்வேறாகப் பொருள்கொள்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு அறிவியல் விடை கண்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

வாயிலில் நிற்கும் ஏற்பி

ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அட்ரினலின் அச்சவ்வைக் கடந்து உள்ளே செல்வதில்லை. சவ்வில் பதிந்துள்ள ஏற்பி என்னும் புரதத்தோடு பொருந்துகிறது. பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. சவ்வின் உட்புறத்திலுள்ள ஜி புரதம் அம்மாற்றத்தால் தூண்டப்பட்டு, செல்லினுள் அடுத்தடுத்த வேதிவினைகளைத் தொடங்கிவைக்கிறது. தூதுவன் வாயிலிலேயே நிற்க, தூது மட்டும் அரண்மனைக்குள் செல்வதை இது ஒக்கும். இதுவே செல் சமிக்ஞை எனப்படுகிறது.

1948ஆம் ஆண்டு அமெரிக்க மருந்தியல் அறிஞர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், இவ்வேற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படும் என்றார். பின்னர்ப் பீட்டா வகையும் பகுக்கப்பட்டது. இதயத்தில் மிகுந்திருப்பது பீட்டா-1. மூச்சுக்குழல் தசையில் மிகுந்திருப்பது பீட்டா-2. இப்பாகுபாடு உயிரோடு தொடர்புடையது. இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் என்னும் மருந்து இரண்டையும் தடுப்பதால், ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். சால்பியூட்டமாலோ பெரிதும் பீட்டா-2ஐத் தூண்டி, மூச்சுக்குழலை விரிக்கிறது.

அரிதினும் அரிதான புரதம்

ஏற்பி உண்மையிலேயே ஒரு தனிப்பொருளா, வெறும் கருத்தா என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் 1968 முதல், இயக்குநீரோடு கதிரியக்க அயோடினை இணைத்து ஏற்பிகளைத் தேடினார். எனினும், திசுக்களில் ஏற்பி மிகச் சிறிதளவே உள்ளது. அதன் அமைப்பை அறிய அந்த அளவு போதவில்லை.

மறுசேர்க்கை டி.என்.ஏ தொழில்நுட்பம் இத்தடையை நீக்கியது. 1986இல் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா முதலானோர் ஹாம்ஸ்டர் என்னும் கொறிவிலங்கின் பீட்டா-2 ஏற்பிக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டில் மனித ஏற்பியின் மரபணு வரிசையும் அறியப்பட்டது. 413 அமினோ அமிலங்களாலான அப்புரதம் சவ்வை ஏழுமுறை ஊடுருவிச் செல்கிறது. விழித்திரையில் ஒளியை உணரும் ரொடாப்சினும் அதே அமைப்புடையது. ஒளியை உணர்வதும் இயக்குநீரை உணர்வதும் ஒரே புரதக் குடும்பத்தின் பணிகள் என்பது அப்போது வெளிப்பட்டது.

படைப்புழு தந்த உதவி

பாக்டீரியாவில் இன்சுலின் உருவாக்கப்படுகிறது. ஆனால், சவ்வில் பதிந்து, சர்க்கரைக் கூறுகளையும் ஏற்கும் மனித ஏற்பியை அதில் முறையாக உருவாக்குவது கடினம். எனவே, மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழுவிலிருந்து பெற்று வளர்க்கப்பட்ட செல்களை ஆய்வாளர் தேர்ந்தனர். பூச்சிகளைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் மனித மரபணுவைச் சேர்த்து, அவ்வைரஸை அச்செல்களுக்குள் செலுத்தினர். பயிரைக் கெடுக்கும் பூச்சியின் செல்கள் மனித ஏற்பியை மிகுதியாக உருவாக்கித் தந்தன.

ஆயினும் ஏற்பி ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருந்ததால், படிகமாக்குவது அரிதாயிற்று. நிலையான வேறொரு சிறு புரதத்தை அதனோடு இணைத்து, 2007இல் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கோபில்காவின் குழுவினரும் உடனுழைத்தோரும் வெளியிட்டனர். ஏற்பி ஜி புரதத்தோடு இணைந்திருக்கும் நிலை 2011இல் வெளியாயிற்று. லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் 2012ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆய்வும் வாழ்வும்

இன்று ஆய்வகச் செல்களில் ஒரேயொரு மனித ஏற்பியை மட்டும் உருவாக்கி, புதிய மருந்து அதனோடு எவ்வாறு பொருந்துகிறது எனக் காணலாம். பீட்டா-2ஐத் தூண்டும் பொருள் பீட்டா-1ஐயும் தூண்டுமா என்பதை நோயாளிக்குக் கொடுக்கும் முன்பே ஒப்பிட்டறியலாம். வழக்கிலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஜி புரதத்தோடு இணைந்த இவ்வேற்பிக் குடும்பத்தின் வழியாகவே செயல்படுகிறது.

எனினும், தனித்து நிற்கும் ஏற்பி முழு உடலாகிவிடாது. ஆய்வகத்தில் தேறிய மருந்தும் உடலில் வேறுவிதமாகச் செயல்படலாம். அதனாலேயே அடுத்தடுத்த சோதனைகள் இன்றியமையாதனவாகின்றன. மூச்சுத்திணறும் குழந்தை உள்ளிழுக்கும் மருந்து இதயத்தைப் பெரிதும் வருத்தாமல் மூச்சுக்குழலை மட்டும் திறக்கவேண்டும். ஏற்பிகளை வேறுபடுத்தி அறியும் ஆய்வின் பயன் அதுவே.