எலும்பு நோய் ரிப்போர்ட்டில் வரும் சொற்கள்: தெரிந்துகொள்வோம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்கள் பலர், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்கிறார்கள். ‘ஆஸ்டியோ’ என்ற சொல்லைப் பார்த்ததுமே புற்றுநோயோ எனப் பயந்தவர்களும் உண்டு. ஆஸ்டியோ என்றால் எலும்பு, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வரும் பகுதிதான் நோயைச் சொல்லும்.

ஆஸ்டியோபோரோசிஸ்: எலும்பு அடர்த்தி குறைந்து, இலேசாக விழுந்தாலும் முறியும் நிலை. கிருமியால் வருவதல்ல.

ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்: மூட்டுத் தேய்மானம். இதுவும் கிருமி நோயல்ல.

ஆஸ்டியோமைலிடிஸ்: எலும்பையும் மஜ்ஜையையும் கிருமி தாக்குவது. காயம், அறுவை சிகிச்சை, சர்க்கரை நோயாளியின் காற்புண் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ கிருமி உள்ளே போகும். ஆன்டிபயாடிக் மருந்து பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் தேவைப்படும். வலி நின்றதும் மருந்தை நிறுத்தினால் கிருமி எலும்பிலேயே தங்கி, நாள்பட்ட நோயாகிவிடலாம்.

செக்வெஸ்ட்ரம்: இரத்த ஓட்டம் நின்று செத்துப்போன எலும்புத் துண்டு. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் அறுவை சிகிச்சை என்கிறார்கள்.

சைனஸ்: எலும்பு ரிப்போர்ட்டில் இது மூக்கு சம்பந்தப்பட்டதல்ல. உள்ளே இருக்கும் சீழ் தோல் வழியாக வெளியேறும் துவாரம்.

டிபிரைட்மென்ட்: செத்த சதையையும் எலும்பையும் சுத்தம் செய்து அகற்றுவது. காலை எடுப்பதல்ல, காலைக் காப்பாற்றும் முயற்சி. இந்தச் சொல்லுக்குப் பயந்து ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிடாதீர்கள்.

செப்டிக் ஆர்த்ரைட்டிஸ்: மூட்டுக்குள் சீழ் பிடிப்பது. காய்ச்சலோடு குழந்தை ஒரு காலை ஊன்ற மறுத்தால் எண்ணெய் தடவிக் காத்திருக்காமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாட்ஸ் ஸ்பைன்: முதுகெலும்புக் காசநோய். 1779இல் இதை விவரித்த பெர்சிவல் பாட் என்ற ஆங்கில மருத்துவரின் பெயர் இது. பெரும்பாலானோருக்கு மருந்திலேயே குணமாகும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். காசநோய் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு உதவியும் உண்டு.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை செல்லுமா என ஆஸ்பத்திரியிலேயே முதலில் கேளுங்கள்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளு செய்யும்போது தினமும் கால்களைக் கழுவுகிறோம். அப்போதே உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். கால் மரத்துப்போனவருக்குப் புண் வலிக்காது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும். சிறு புண்ணானாலும் உடனே காட்டினால் எலும்பு வரை போகாமல் தடுக்கலாம்.